மகள் டிஇஏ ஏஜென்ட் ஆகணும் என்கிறாள் – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆஸ்டின்_மீனா:
எல்லோருக்கும் வணக்கம். மூத்த மகள் இங்கே டெக்சாஸில் அக்கவுண்டிங் கடைசி வருடம் படிக்கிறாள். ஏதாவது பெரிய ஆடிட் கம்பெனியில் சேர்வாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளோ போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டிஇஏ-வில் ஸ்பெஷல் ஏஜென்ட் ஆகணும் என்கிறாள். காலேஜில் நடந்த வேலைவாய்ப்பு முகாமில் அவர்களும் ஸ்டால் போட்டிருந்தார்களாம். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

பிறந்தது இங்கேதான், குடியுரிமைச் சிக்கல் இல்லை. கணக்கு படித்தவளுக்கு அங்கே என்ன வேலை, துப்பாக்கி தூக்கித்தான் ஆகணுமா என்பது என் கவலை. இன்னொன்று, தயங்கித்தான் எழுதுகிறேன். போன வருடம் தோழிகளோடு கொலராடோ போனபோது கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் ஒன்று சாப்பிட்டுப் பார்த்தாளாம். அவளே சொன்னாள். அங்கே கடையில் சட்டப்படி விற்பதுதான். விண்ணப்பத்தில் இதைச் சொல்லணுமா? சொன்னால் அதோடு முடிந்ததா?

நாமக்கல்_டல்லாஸ்:
தங்கச்சி, முதல் விஷயம், பெண் பிள்ளைக்கு இந்த வேலை எதுக்கு? ஆடிட்டருக்கான சிபிஏ பரீட்சையை முடிக்கச் சொல்லுங்க, ராஜா மாதிரி இருக்கலாம். அப்படியும் பிடிவாதம் பிடித்தால் அந்தக் கம்மி விஷயத்தை எழுதவே வேண்டாம். யார் பார்த்தது? சாட்சி உண்டா, பில் உண்டா? வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்குவானேன்.

கடலூர்_சுதா:
நாமக்கல் அண்ணா, "பெண் பிள்ளைக்கு எதுக்கு" என்பதை 2003-ஓடு விட்டிருக்கலாம். அந்த வருடம்தான் டிஇஏ-வின் தலைமைப் பொறுப்பில் முதன்முதலாக ஒரு பெண், கேரன் டாண்டி, உட்கார்ந்தார். மீனா அக்கா, மற்றதற்கு அப்புறம் வருகிறேன். கம்மி பற்றி மட்டும் அண்ணன் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள்.

ஹூஸ்டன்_வக்கீல்:
நான் ஃபெடரல் கோர்ட்டில் போதை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் வாதாடுகிறவன். டிஇஏ ஏஜென்ட்டுகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதுதான் என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஏஜென்ட் என்றால் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கதவு உடைவது பத்து நிமிஷம். வழக்கு நடப்பது இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் அரசுத் தரப்பு நம்பி நிற்பது அந்த ஏஜென்ட்டின் வார்த்தையைத்தான். இன்ஃபார்மரை அனுப்பிச் சரக்கு வாங்க வைக்கும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் அவன் உடம்பையும் காரையும் சோதித்தார்களா, அவனிடம் கொடுத்த நோட்டுகளின் எண்களைக் குறித்து வைத்தார்களா, வழியில் அவன் கண்ணை விட்டு மறையவில்லையா, திரும்பி வந்ததும் மறுபடி சோதித்தார்களா. இத்தனையும் டிஇஏ-6 என்ற ரிப்போர்ட்டில் வரும். நான் அதை வரிக்கு வரி படிப்பேன். ரிப்போர்ட்டில் 7:40 என்றும் ரேடியோ பதிவில் 7:55 என்றும் இருந்தால், அந்தப் பதினைந்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு அரை நாள் கேள்வி கேட்பேன்.

இப்போது கம்மிக்கு வருகிறேன். 1963-இல் பிராடி, 1972-இல் ஜிக்லியோ என்று உச்ச நீதிமன்றம் கொடுத்த இரண்டு தீர்ப்புகள் உண்டு. அதன்படி அரசுத் தரப்பு சாட்சியின் நம்பகத்தன்மையைக் கெடுக்கக்கூடிய எதுவும் அரசின் கையில் இருந்தால், அதை எங்களிடம் கொடுத்தாக வேண்டும். ஏஜென்ட் எப்போதோ ஒரு ஃபாரத்தில் பொய் எழுதி மாட்டியிருந்தால், அந்தத் தகவல் அவர் சாட்சி சொல்ல வரும் ஒவ்வொரு வழக்கிலும் கூடவே வரும். அப்படிப்பட்டவரைக் கூண்டில் ஏற்ற எந்த அரசு வக்கீலும் விரும்ப மாட்டார். சாட்சி சொல்ல முடியாத ஏஜென்ட்டால் அமைப்புக்கு என்ன பிரயோஜனம்? அதனால்தான் கம்மியை விட அதை மறைப்பதை அவர்கள் பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள். அதோடு, ஃபெடரல் அரசிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. நாமக்கல் அண்ணன் சொல்லும் "யார் பார்த்தது" யோசனையைக் கேட்டு என் ஆபீஸுக்கு வந்தவர்கள் உண்டு.

நாமக்கல்_டல்லாஸ்:
சரி வக்கீல் தம்பி, ஒத்துக்கறேன். ஆனா பாலிகிராஃப் என்ற பொய் கண்டுபிடிக்கிற மெஷினை வைத்துத்தானே பிடிக்கிறார்கள்? அது மந்திரவாதி மை போட்டுப் பார்க்கிற கதை என்று நீங்களே இங்கே ஒரு தடவை எழுதினீர்கள்.

ஹூஸ்டன்_வக்கீல்:
எழுதினேன், இப்போதும் அதே கருத்துதான். ஃபெடரல் கோர்ட்டில் அதன் முடிவைச் சாட்சியமாகப் பெரும்பாலும் ஏற்பதில்லை. தனியார் கம்பெனிகள் வேலைக்கு எடுக்க அதைப் பயன்படுத்துவதையும் 1988-ஆம் வருடச் சட்டம் அநேகமாகத் தடுத்துவிட்டது. அரசுக்கு மட்டும் விலக்கு. நியாயமா என்றால் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்காராமல் இந்த வேலை கிடையாது. மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் பயத்தில் நாக்கு புரண்டு, ஃபாரத்தில் எழுதாததை அங்கே உளறிக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

ராகவ்_கொலம்பஸ்:
மீனா ஆன்ட்டி, நான் இங்கே ஓஹையோவில் ரோந்து போலீஸ். டிஇஏ விண்ணப்பம் நடுவில் நிற்கிறது. கம்மி விஷயத்தில் அவர்கள் மற்ற அமைப்புகளை விடக் கறார். மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் ஃபெடரல் சட்டத்தில் கஞ்சா இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். கொலராடோ கடை ரசீது எந்த உதவியும் செய்யாது. ஆனால் சிறு வயதில் ஓரிரு தடவை தொட்டுப் பார்த்ததை மட்டும் வைத்து எல்லோரையும் ஒரேயடியாகத் தள்ளுவதும் இல்லை. எத்தனை தடவை, கடைசியாக எப்போது, அதற்கப்புறம் நடத்தை எப்படி என்று பார்ப்பார்கள். கொகெய்ன், மாத்திரை அந்த மாதிரி என்றால் கதை வேறு, கதவு அநேகமாக மூடிவிடும். போன வருடம்தான் என்பதால் உடனே விண்ணப்பிக்காமல் கொஞ்சம் காலம் தள்ளிப் போடுவது நல்லது. அறிவிப்பு வரும்போது போதைப் பொருள் பற்றிய பத்தியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பக்கத்து டிவிஷன் ரிக்ரூட்டரிடம் நேராகவே கேட்கலாம், அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

வழிமுறை நீளம். நேர்காணல், எழுத்து மதிப்பீடு, சிறுநீர்ச் சோதனை, மருத்துவம், உடல்தகுதி, பாலிகிராஃப், மனநல மதிப்பீடு, கடைசியில் பின்னணி விசாரணை. எல்லாம் முடிய ஒரு வருடம் சர்வ சாதாரணம், அதற்கு மேலும் ஆகும். இதில் நம் ஆட்கள் திணறும் இடம் ஓட்டமோ தண்டாலோ இல்லை, எஸ்எஃப்-86 ஃபாரம்தான்.

டாப் சீக்ரெட் அனுமதிக்கான ஃபாரம் அது. எங்கெங்கே குடியிருந்தீர்கள், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நெருங்கிய உறவுகள் யார், எத்தனை தடவை ஊருக்குப் போனீர்கள், அங்கே சொத்து உண்டா, எல்லாம் கேட்கும். வெளிநாட்டு இந்தியருக்கான ஓசிஐ கார்டு இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும், அது குடியுரிமை இல்லை என்றாலும். எனக்கு வந்த வம்பு பாட்டியால். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே திருச்சி பக்கம் ஒரு மனையை என் பெயரில் எழுதி வைத்திருக்கிறார். அப்பாவுக்கே மறந்துவிட்டது. பத்திரத்தைத் தேடி எடுத்து, மதிப்பு போட்டு எழுதினேன். ஊரில் சொந்தம் இருப்பதோ சொத்து இருப்பதோ தப்பே இல்லை. விட்டுப் போனால்தான் "ஏன் மறைத்தாய்" என்ற கேள்வி வரும்.

இதைப் படிக்கும் பையன்களைப் பெற்றவர்களுக்கு இன்னொன்று. 18 முதல் 25 வயதுக்குள் செலக்டிவ் சர்வீஸில், அதாவது கட்டாய ராணுவ சேவைக்கான பட்டியலில், பதிந்திருக்க வேண்டும். குடிமகன் மட்டுமில்லை, கிரீன் கார்டு பையனும்தான். எச்-4 மாதிரி செல்லுபடியாகும் விசாவில் இருக்கும் வரை தேவையில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்ததும் கேக் வெட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். 26 ஆனபின் பதிய முடியாது, தெரிந்தே விட்டது என்று முடிவானால் ஃபெடரல் வேலையே கிடைக்காது.

ஆஸ்டின்_மீனா:
தம்பி, ரொம்ப நன்றி. என் மாமியாரும் பேத்தி பெயரில் தபால் ஆபீஸில் ஏதோ போட்டு வைத்திருப்பதாக ஞாபகம். இன்றைக்கே போன் போட்டுக் கேட்கிறேன். வயது வரம்பு 37 என்கிறார்களே, அது எதற்கு? தமிழ் எழுதப் படிக்கத் தெரிவது உதவுமா?

கடலூர்_சுதா:
வயதுக் கணக்கு நான் சொல்கிறேன் அக்கா. என் வீட்டுக்காரர் 1811. ஃபெடரல் வேலைப் பட்டியலில் குற்றப் புலனாய்வாளருக்கான எண் அது, எந்த அமைப்பில் இருந்தாலும் எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். அவர் டிஇஏ இல்லை, வேறொரு அமைப்பு. 57 வயதில் கட்டாய ஓய்வு. அதற்குள் முழு பென்ஷனுக்கு 20 வருட சர்வீஸ் வேண்டும். கழித்துப் பாருங்கள், 37 வந்துவிடும். முன்னாள் ராணுவத்தினருக்குச் சில விலக்குகள் உண்டு. கீழ் வரம்பு 21. இருபது வருடம் ஓட்டிவிட்டால் 50 வயதிலேயே பென்ஷனோடு வெளியே வரலாம். இதைத்தான் அவர் என்னிடம் பெண் பார்க்க வந்த அன்றைக்கே பெருமையாகச் சொன்னார்.

ஆனால் அந்த இருபது வருடம் எப்படிப் போகும் என்பதை யாராவது உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டும். அடிப்படைச் சம்பளத்தின் மேல் 25 சதவீதம் 'லீப்' என்று தருவார்கள். 1994-இல் வந்த ஏற்பாடு. சும்மா இல்லை, சராசரியாக நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை, கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை என்று வராது. குழந்தைக்கு மொட்டை போடக் குடும்பமே பிட்ஸ்பர்க் கோயிலுக்குக் கிளம்பி நிற்கும்போது வரும். பெரும்பாலும் என்ன செய்வார்? காரில் உட்கார்ந்து ஒரு வீட்டின் கேரேஜைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். ஏசி போட்டால் என்ஜின் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று ஆகஸ்ட் வெயிலில் ஏசி இல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார், சட்டையை அப்படியே வாஷிங் மெஷினில் போடுவேன்.

அப்புறம் இடமாற்றம். டிஇஏ-வில் நாட்டில் எங்கே போட்டாலும் போவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்ப்பார்கள். ஆஸ்டின் பக்கத்திலேயே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

ராகவ்_கொலம்பஸ்:
மொழிக் கேள்விக்கு: தமிழ் தெரிந்தால் ஃபாரத்தில் எழுதலாம், பெரிய லாபம் இல்லை. ஸ்பானிஷ் தெரிந்தால் மதிப்பே வேறு. டெக்சாஸில் வளர்ந்த பெண், பள்ளியில் படித்திருப்பாளே, அதைத் தூசி தட்டச் சொல்லுங்கள்.

சேலையூர்_பாலா:
சென்னையிலிருந்து கேட்கிறேன். இந்தியக் குடிமகன் டிஇஏ-வில் சேர வழி உண்டா? டெல்லியில் அவர்களுக்கு ஆபீஸ் இருப்பதாகப் படித்தேன்.

ஹூஸ்டன்_வக்கீல்:
ஆபீஸ் உண்டு. ஆனால் ஏஜென்ட் ஆக அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். உங்களுக்கான இடம் அங்கேயே இருக்கிறது பாலா. 1985-இல் என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் சட்டம் வந்து, அடுத்த வருடம் தொடங்கிய என்சிபி, இந்தியாவின் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு. எஸ்எஸ்சி நடத்தும் சிஜிஎல் என்ற மத்திய அரசு வேலைத் தேர்வின் அறிவிப்பைப் பாருங்கள். தனி இழை போட்டால் ஊர் ஆட்கள் வந்து சொல்வார்கள்.

தோழர்_ஓக்லண்ட்:
எல்லோரும் எப்படிச் சேர்வது என்றே பேசுகிறீர்கள். ஏன் சேரணும் என்று யாரும் கேட்கவில்லை. 1973-இல் நிக்சன் காலத்தில் ஆரம்பித்த அமைப்பு. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2021-லிருந்து மூன்று வருடம் வரிசையாக, வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் அளவுமீறிய போதையில் செத்தார்கள். என்ன கிழித்தார்கள்? 1986 சட்டத்தில் கிராக் என்ற புகைக்கும் கொகெய்ன் ஒரு கிராம் வைத்திருப்பதும் பவுடர் கொகெய்ன் 100 கிராம் வைத்திருப்பதும் தண்டனையில் ஒன்று. கிராக் வழக்கில் உள்ளே போனவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர் என்று சொல்லத் தேவையில்லை. 2010-இல் 18-க்கு 1 என்று குறைத்தார்கள், சமமாக்கவில்லை. விமான நிலையங்களில் பயணிகளை நிறுத்தி "பையைப் பார்க்கட்டுமா" என்று டிஇஏ செய்துவந்த சோதனையை 2024 நவம்பரில் நீதித்துறையே நிறுத்தி வைத்தது. நம் வீட்டுப் பெண் இதில் போய் என்ன செய்யப் போகிறாள்?

ஹூஸ்டன்_வக்கீல்:
தோழர், நீங்கள் சொன்ன எதையும் மறுக்க மாட்டேன். அந்தச் சட்டத்தில் உள்ளே போன ஆட்களுக்காகத்தான் நான் நிற்கிறேன். இன்றும் ஃபென்டனில் கலந்த பொருள் 40 கிராம் விநியோகத்துக்கு என்று பிடிபட்டால் குறைந்தபட்சம் ஐந்து வருடம், 400 கிராம் என்றால் பத்து. நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடிகிற சந்தர்ப்பங்கள் சொற்பம். ஆனால் அந்தச் சட்டத்தைப் போட்டது டிஇஏ இல்லை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். ஒரு விஷயம் மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். ஏஜென்ட் ஒழுங்கான ஆளாக இருந்தால் என் கட்சிக்காரருக்கும் நல்லது. "இவன் வெறும் டிரைவர், சரக்கு யாருடையது என்றே தெரியாது" என்று உள்ளதை உள்ளபடி எழுதும் ஏஜென்ட்டும் உண்டு, எல்லோரையும் கூட்டுச்சதியில் கோர்த்துவிடும் ஏஜென்ட்டும் உண்டு. தண்டனை இரண்டு பேருக்கும் இடையில் பத்து வருடம் மாறும்.

மட்டுறுத்துநர்:
போதைக் கொள்கை பற்றிய விவாதத்துக்கு அரசியல் பகுதியில் இழை இருக்கிறது. அங்கே தொடரலாம். மூன்று பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

வேதியியல்_மாமா:
தாமதமாக வருகிறேன். அரசு தடயவியல் லேபில் போதைப் பொருள் பகுப்பாய்வு செய்து ஓய்வு பெற்றவன் நான்.

ஏஜென்ட் என்றால் எங்களுக்கு ஒரு பை. ஹீட் சீல் வைத்த பிளாஸ்டிக் பை, மேலே லேபிள், கைப்பற்றியவர் கையெழுத்து, கூட இருந்து பார்த்த இன்னொருவர் கையெழுத்து, தேதி, மொத்த எடை. பை வந்ததும் சீல் பிரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பிறகு எடை. லேபிளில் எழுதியதும் என் தராசு சொல்வதும் ஒத்துப் போகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு போன் போடுவேன். நல்ல ஏஜென்ட்டின் பை வந்தாலே தெரியும், கையெழுத்து கோணாமல் இருக்கும், சீல் சுருங்காமல் இருக்கும். இரண்டு மில்லிகிராம் ஃபென்டனில் ஆளைக் கொல்லப் போதும் என்பார்கள். அப்படிப்பட்ட சரக்கைப் பையில் போட்டுக் கசிய விட்டு அனுப்பினால் நான் யாரைத் திட்டுவது?

வக்கீல் தம்பி சொன்னது லேபுக்கும் பொருந்தும். 2009-இல் மெலென்டெஸ்-டயஸ் தீர்ப்பு வந்தது, பரிசோதனை செய்தவர் காகிதத்தை மட்டும் அனுப்பினால் போதாது, நேரில் வந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று. மாசசூசெட்ஸ் மாநில லேபில் ஒரே ஒரு வேதியியலாளர், சோதிக்காமலே சோதித்ததாக எழுதினார். 2017-இல் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மொத்தமாகத் தள்ளுபடி செய்தார்கள்.

மீனா அம்மா, உங்கள் மகளுக்குத் துப்பாக்கிதான் வேண்டுமா, அல்லது இந்த வேலைதான் வேண்டுமா என்று கேளுங்கள். டிஇஏ-விலேயே டைவர்ஷன் இன்வெஸ்டிகேட்டர் என்று ஒரு பதவி உண்டு. துப்பாக்கி இல்லை, 37 வயது வரம்பு இல்லை. மருந்துக் கம்பெனி, மொத்த விற்பனையாளர், பார்மசி, டாக்டர், இவர்கள் கையிலிருக்கும் வலி மாத்திரை கள்ளச் சந்தைக்கு நழுவாமல் பார்ப்பது. கணக்குப் புத்தி உள்ளவர்களுக்கு அல்வா. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று நானூறு பேர் குடியிருக்கும் ஊர். அங்கே இருந்த ஒரே ஒரு பார்மசிக்கு இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரை போயிருக்கிறது. விநியோகஸ்தர்கள் டிஇஏ-வுக்கு அனுப்பிய கணக்கிலேயே இந்த எண்கள் இருந்தன. சரியான நேரத்தில் சரியான ஆள் அந்த வரிசையில் விரல் வைத்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்.

நாமக்கல்_டல்லாஸ்:
நானூறு பேருக்கு 90 லட்சமா! ஆளுக்கு இருபதாயிரத்துக்கு மேல் வருகிறதே. சுற்றுவட்டாரம் முழுக்க அங்கே வந்து வாங்கியிருக்கணும். சரி, இந்த வேலை பரவாயில்லை போலிருக்கே.

ஆஸ்டின்_மீனா:
மகளுக்கு இழை முழுவதையும் படித்துக் காட்டினேன், அவளுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். கம்மியை எழுதத்தான் போகிறாள், நீங்கள் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பாளாம். டைவர்ஷன் பிடித்திருக்கிறது, ஆனால் வேண்டாம் என்கிறாள். பணம் எங்கே போகிறது என்று பின்தொடரும் வேலைதான் ஆசையாம். "ஆபீஸில் உட்காராமல்" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். அதற்கு டிஇஏ-தானா, வேறு இடம் உண்டா?

ராகவ்_கொலம்பஸ்:
அப்படியானால் ஐஆர்எஸ்-சிஐ பார்க்கச் சொல்லுங்கள் ஆன்ட்டி. வருமான வரித்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு. அங்கேயும் 1811, அங்கேயும் துப்பாக்கி, அதே 37. ஆனால் கணக்கு படித்தவர்களுக்கென்றே ஒரு தகுதி வழி வைத்திருக்கிறார்கள்: அக்கவுண்டிங்கில் 15 கிரெடிட், அதோடு ஃபைனான்ஸ், பொருளாதாரம், வரிச்சட்டம் மாதிரி பாடங்களில் 9. உங்கள் மகளுக்கு இது ஏற்கனவே கையில் இருக்கும். பயிற்சி டிஇஏ மாதிரி வர்ஜீனியாவில் உள்ள குவான்டிகோவில் இல்லை, ஜார்ஜியாவில் கிளின்கோ என்ற இடத்தில்.

இரண்டு அமைப்பும் சேர்ந்து வேலை செய்யும் வழக்குகளும் உண்டு. 2024 அக்டோபரில் டிடி வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 கோடி டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்ததே, அதில் வந்த ஒரு கிளைக் கதையைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கும்பல் கிளைகளுக்குள் பணக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, 47 கோடி டாலருக்கு மேல் அந்த வங்கி வழியாகக் கடத்தியிருக்கிறது. கவுண்டரில் இருந்தவர்களுக்கு லஞ்சமாகக் கொடுத்தது கிஃப்ட் கார்டு.

கடலூர்_சுதா:
எந்த அமைப்பாக இருந்தாலும் ஓட்டம் உண்டு அக்கா, டிஇஏ-வில் ஒன்றரை மைல். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம். ஆஸ்டினில் வெயில் ஏறும் முன் காலை ஆறு மணிக்கே ஓடச் சொல்லுங்கள். ரிக்ரூட்டர் நம்பர் கிடைத்ததும் அவளையே பேச விடுங்கள், நீங்கள் போன் போட வேண்டாம்.

ஆஸ்டின்_மீனா:
கடைசி வரி எனக்குத்தான் என்று புரிகிறது சுதா. டயல் பண்ணப் போன போனைக் கீழே வைத்துவிட்டேன். மாமியாரிடம் கேட்டாயிற்று: தபால் ஆபீஸில் ஒன்றில்லை, இரண்டு கணக்கு.